சோர்வுக்குச் சோம்பல் என்று பெயர் சூட்டாதீர்



திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அதனை அடுத்து வரும் 61ஆம் அதிகாரம் மடியின்மை. என் ஆசிரியப் பணியில் நான் மிகுதியாக எடுத்துக்காட்டியவை இவ்விரண்டு அதிகாரங்களே. சோம்பலைக் கண்டிப்பது ஆசிரியரின் கடமை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், சோம்பல் எது, சோர்வு எது என்று பிரித்தறிவதும் அவருடைய கடமைதான். அந்தக் கடமையில் நான் ஒருமுறை தவறினேன். அதனை ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்க்குச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நான்காம் ஆண்டில் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். காலையில் எல்லாக் கேள்விகளுக்கும் முந்திக்கொண்டு விடை சொல்வான். இடைவேளை முடிந்து வந்தால் ஆளே மாறிவிடுவான். கையெழுத்து கோணும், தலை மேசையில் சாயும். தரையில் அமர்ந்து எழும்போது இரு கைகளையும் தொடைகளில் ஊன்றி, தன் உடம்பின் மீதே தான் ஏறுவது போல எழுவான். அதை நான் குறும்பு என்று எண்ணினேன். ஒருநாள், பயிற்சியை முடிக்காததற்காக அவனை வகுப்பின் முன் நிறுத்தி வைத்தேன். "கை தூக்க முடியலீங்க ஐயா" என்றான். நான் நம்பவில்லை.

சில மாதங்கள் கழித்து அவன் தாயார் மருத்துவ அறிக்கையோடு வந்தார். அவனுக்கு வந்திருந்தது பெக்கர் வகைத் தசைச்சிதைவு நோய். தசை இழைகளைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் குறைவாகவோ குறையுள்ளதாகவோ உருவாவதால் வரும் மரபணு நோய் அது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். கைகளை ஊன்றி எழுவது குறும்பன்று. இடுப்புத் தசைகளின் வலுவின்மையைக் காட்டும் அறிகுறி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இத்தகைய நோயாளிகளுக்கு ஏன் இவ்வளவு சோர்வு? நலமான தசை இழைகள் குறையும்போது, நமக்கு எளிதான ஒரு செயல்கூட அவர்களுடைய மொத்த வலுவில் பெரும்பங்கைக் கேட்கிறது. நாம் நடந்து ஏறும் மாடிப்படி, அவர்களுக்கு மூட்டை சுமந்து ஏறும் மலை. நிறைவற்ற உறக்கமும் மனவாட்டமும் இதனோடு சேர்ந்தால் சோர்வு இரட்டிப்பாகும். 2005ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், வேறு மூன்று வகை நரம்புத்தசை நோய்கள் கொண்ட 598 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், நோய் வகைக்கேற்ப 61 முதல் 74 விழுக்காட்டினர் கடுஞ்சோர்வு உடையோர் என்று கண்டனர். இந்நோய்களில் சோர்வு என்பது ஓரிருவரின் முறையீடு அன்று என்பதற்கு இது சான்று.

அந்தத் தாயாரை மருத்துவர் ஆக்குப்பேஷனல் தெரப்பி பிரிவுக்கு அனுப்பியிருந்தார். நம் அரசு மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று பலகை தொங்குமே, அதுதான். தமிழில் செயல்வழிச் சிகிச்சை எனலாம். உண்பது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது ஆகிய அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வாறு இயன்றவரை தாமே செய்துகொள்வது என்று வழிகாட்டும் துறை இது.

அந்தச் சிகிச்சையாளர் முதலில் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. "உனக்கு எதைச் செய்ய ஆசை?" என்று மாணவனைக் கேட்டாராம். "படம் வரைஞ்சு முடிக்கணும்" என்றானாம். எங்கள் கால அட்டவணையில் காட்சிக் கலை கடைசிப் பாடம். அவன் கை ஓயும் வேளையும் அதுவே. ஓராண்டு முழுவதும் அவனுடைய படங்கள் பாதியில் நின்றதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கேள்வியை நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ஒரு வாரத்திற்கு நாட்குறிப்பு எழுதச் சொன்னார். எந்நேரத்தில் என்ன செய்தான், அப்போது சோர்வு பத்தில் எவ்வளவு என்பதே குறிப்பு. அதைப் படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. சபைகூடலில் நிற்பது, புத்தகப் பையைச் சுமப்பது, இரண்டாம் மாடிக்கு ஏறுவது என, முதல் பாடம் தொடங்குமுன்னரே அவன் தன் வலுவில் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தான். கல்விக்கு எஞ்சியது மிச்சம் மீதிதான்.

சிகிச்சையாளர் எழுதித் தந்தவை எளியவை. வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுதல். சபைகூடலில் நாற்காலி தருதல். பாடநூல்களில் ஒரு தொகுதியை வகுப்பிலும் மற்றொன்றை வீட்டிலும் வைத்தல். பாதம் தரையில் படியும், முழங்கை மேசையில் தாங்கும் உயரத்தில் இருக்கை அமைத்தல். களைத்த பின் அன்றி, களைக்குமுன்னரே சிறிது ஓய்வு தருதல். இவற்றோடு காட்சிக் கலைப் பாடத்தை நான் காலைக்கு மாற்றினேன். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு ஆகவில்லை.

"இப்படிச் சலுகை கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுவான், உழைக்கும் எண்ணமே போய்விடும்" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். முழு ஓய்வு நல்லதன்று என்ற அளவில் அவர் சொன்னது சரி. அசையாதிருந்தால் எஞ்சிய தசையும் தளரும். அதனால்தான் இச்சிகிச்சை ஓய்வை மட்டும் சொல்வதில்லை. மருத்துவர் வகுத்த அளவில் உடற்பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. நெதர்லாந்தில் நரம்புத்தசை நோயும் நாட்பட்ட சோர்வும் உடைய 53 பேரைக் கொண்டு நடந்து, 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, உடற்பயிற்சியையும் வலுவைச் சிக்கனமாய்ச் செலவிடும் பயிற்சியையும் இணைத்து நான்கு மாதங்கள் அளித்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இப்பயிற்சி பெற்றோர் தாம் முக்கியமெனக் கருதிய செயல்களை மேலும் நன்றாகச் செய்தனர். ஆகவே, இது உழைப்பைக் குறைப்பதன்று. உழைப்பை உரிய இடத்தில் செலவிடுவது. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்திய நம் தோட்டப்புறத் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இத்தகைய பிள்ளைகளின் கல்வி உரிமையை ஏற்கிறது. எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கையும் 2019 முதல் நடப்பில் உள்ளது. ஆனால், வாசலைத் திறந்துவிட்டுப் பிள்ளையை இரண்டாம் மாடிக்கு ஏறச் சொன்னால் அது சேர்த்துக்கொண்டதாகுமா?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். காலையில் நன்றாகவும் நண்பகலில் மோசமாகவும் எழுதும் பிள்ளையைக் கண்டால், தண்டிக்குமுன் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எழுவதையும் படியேறுவதையும் கவனியுங்கள். ஐயம் இருந்தால் பெற்றோரிடம் கனிவாகச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோர்களே, நோயின் பெயர் தெரிந்ததோடு நின்றுவிடாதீர்கள். செயல்வழிச் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அவர்கள் தரும் குறிப்பைப் பள்ளியில் கொண்டுவந்து கொடுங்கள்.

அவன் நோய் நீங்கவில்லை. நீக்கும் மருந்தும் இன்னும் வரவில்லை. ஆனால், அந்த ஆண்டு முடியுமுன் அவன் ஒரு படத்தை முழுமையாக வரைந்து என் மேசையில் வைத்தான். வகுப்பின் முன் அவனை நிறுத்தி வைத்ததற்காக அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தான். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவன்தானா என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.