பாட்டுக்கு முன்னால் களம்

பேரிடருக்குப் பின் இசையோடு மக்களிடம் செல்ல விரும்பும் அமைப்புகளின் திட்ட விண்ணப்பத்தைப் பிரித்தால், முதல் பக்கத்தில் வாத்தியங்களின் பட்டியல் இருக்கும். கிட்டார், கீபோர்டு, பறை, பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு. நல்ல மனத்தோடு எழுதப்படுபவைதான். ஆனால் நிக்கோபாரின் அனுபவத்தைப் படித்தவர்கள் அந்தப் பட்டியலை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளில் வீட்டையும் தென்னையையும் பன்றியையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. ட்ரிங்கெட் தீவு துண்டு துண்டானது. கார் நிக்கோபாரில் ஒவ்வோர் ஊருக்கும் கரையோரம் 'எல்பனம்' என்று ஒரு பொது இடம் இருந்தது. பிறப்பும் இறப்பும் அங்கேதான். படகுப் போட்டியும் விருந்தும் வட்டமாகக் கைகோத்து ஆடுவதும் அந்த மண்ணில்தான். அந்தக் கரை அழிந்தது. மக்கள் உள்நிலத்துக்கு நகர்த்தப்பட்டுத் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். பிறகு மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 நிரந்தர வீடுகள் கட்டப்பட்டன. துஹேத் என்னும் பெருங்குடும்பமாக நிலத்தையும் தோட்டத்தையும் பகிர்ந்து வாழ்ந்தவர்களுக்கு வீடும் இழப்பீடும் தனித்தனிக் குடும்பக் கணக்கில் வந்தன. சிம்ரன் ஜித் சிங் போன்ற மானிடவியலாளர்கள் இந்தப் பிளவைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். இசைவழி ஆறுதல் தரும் நம் துறைக்கு இது அந்நியமான செய்தி அல்ல. முன்னோருக்கான பன்றித் திருவிழாவைத் தனிக் குடும்பம் எடுத்து நடத்த முடியாது. அதற்குத் துஹேத் வேண்டும், ஆண்டுக்கணக்கில் வளர்த்த பன்றிகள் வேண்டும், ஆடுவதற்கு இடம் வேண்டும். இவை இல்லாத ஊருக்கு நாம் எத்தனை கிட்டார் கொண்டுபோனாலும் அங்கே அவற்றை எங்கே, யாருக்காக வாசிப்பது?

பேரலைக்குப் பின் அந்தமான் நிக்கோபாருக்குச் சென்ற பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழுவின் ஆய்வு ஒன்றை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன். இடம்பெயர்ந்தவர்களிடம் மனநலக் கோளாறு 5.2 சதவீதம், பெயராதவர்களிடம் 2.8 சதவீதம். இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பழகிய மண்ணும் உறவும் கையெட்டும் தூரத்தில் இருப்பது மருந்துக்குக் குறைந்ததில்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது என்ற பாடம் அந்தமான் பழங்குடியினரிடமும் உண்டு. ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே கட்டுவார். ஆட்டத்தில் அடுத்தவர் பாட்டைப் பாடமாட்டார் என்று ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். துக்கத்தை முடித்துவைப்பதும் அங்கே ஓர் ஆட்டமே. இப்படிப்பட்ட மக்களிடம் ஆறுதல் பாட்டு ஒன்றை வெளியிலிருந்து கற்றுக்கொடுக்கப் போவது எவ்வளவு பெரிய பிழை! பேரலையில் பிழைத்த போவா சீனியர், அந்தமானின் போ மொழியின் கடைசிப் பேச்சாளர், 2010 ஜனவரியில் காலமானார். அவருடைய பேச்சையும் பாட்டையும் மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவுசெய்திராவிட்டால் இன்று நம்மிடம் எதுவும் இருந்திராது.

பதிவு என்றதும் சென்னை எர்த்சிங்க் நிறுவனத்தின் 'லயா ப்ராஜெக்ட்' நினைவுக்கு வரும். பேரலை தாக்கிய ஆறு நாடுகளின் கரையோரக் கலைஞர்களை அவரவர் இடத்திலேயே பதிவுசெய்து, பிழைத்தவர்களுக்குச் சமர்ப்பணமாக வெளியிட்டார்கள். ஊர்க் கலைஞரையே நடுவில் நிறுத்திய அந்த முறையை நான் மதிக்கிறேன். நெதர்லாந்தில் 1999-இல் தொடங்கிய 'எல்லைகளற்ற இசைக்கலைஞர்கள்' அமைப்பும் உள்ளூர்க்காரரையே பயிற்றுநராக்குகிறது. நிக்கோபாரில் இது கட்டாயமும்கூட. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அனுமதியின்றி அங்கே கால்வைக்க முடியாது. ஆகவே வேலையைச் செய்ய வேண்டியவர்கள் தேவாலயப் பாடகர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஊர்த் தலைவர்களும்தான். நாம் செய்யக்கூடியது பணம் தருவது, பொறுமையாக இருப்பது, பதிவின் பிரதியையும் உரிமையையும் ஊரிடமே விடுவது.

பேரலைக்குப் பின் பெரிய நிக்கோபாரின் மேற்குக் கரையிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை நம் துறைக்கு வெளியே இருக்கும் அரசியல் என்று ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இந்த இதழுக்குக் களக்கட்டுரை அனுப்புவோர், எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள் என்பதோடு மூன்று விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள்: மக்கள் இப்போது எங்கே கூடிப் பாடுகிறார்கள், அந்த இடம் யாருடையது, பதிவு யார் கையில் இருக்கிறது. நிக்கோபாரிலும் நாகையிலும் மட்டக்களப்பிலும் பணியாற்றியவர்களின் கட்டுரைகளை முதலில் வெளியிடுவோம்.