பால்பெக்கில் ஆறு தூண்கள், கஸாராவில் ஒரு குகை

லெபனான் என்றதும் செய்தியில் பார்க்கிற புகைமண்டலம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், அங்கேதான் ரோமானியர்கள் கட்டிய மிகப் பெரிய கோயில்களில் சில நிற்கின்றன. ஊரின் பெயர் பால்பெக். தலைநகர் பெய்ரூட்டிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால், வழியில் 160 வருடத்துக்கும் மேல் பழமையான ஒரு ஒயின் ஆலையையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

2019 ஏப்ரலில் நாங்கள் அப்படித்தான் போனோம். அபுதாபியில் வேலை பார்க்கும் கணவர், நான், பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார். "ஒயின் ஆலையா? குடும்பத்தோட போற இடமா அது?" என்று அத்தை முதல் நாளே கேட்டுவிட்டார். "முதல்ல கோயிலைப் பாருங்க அத்தை, அப்புறம் பேசலாம்" என்று சமாளித்தேன்.

பெய்ரூட்டைத் தாண்டியதும் சாலை மலையேறுகிறது. உச்சிக்குப் போய் மறுபக்கம் திரும்பினால், கீழே பாய் விரித்த மாதிரி பெக்கா பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்றுதான் பெயர், அதுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பால்பெக்கில் முதலில் கண்ணில் படுவது ஜூபிடர் கோயிலின் ஆறு தூண்கள். ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம், அதாவது ஆறு மாடிக் கட்டடம் அளவு. ஒரு காலத்தில் 54 தூண்கள் இருந்தனவாம். 18-ம் நூற்றாண்டின் நடுவில்கூட ஒன்பது நின்றன. 1759-ல் வந்த நிலநடுக்கத்தில் மூன்று போய்விட்டன. கோயில் நிற்கிற மேடையின் மேற்குச் சுவரில் மூன்று கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 டன்! கிரேன் இல்லாத காலத்தில் எப்படித் தூக்கினார்கள் என்று என் மகன் கேட்டதற்குக் கணவர் கொடுத்த விளக்கத்தை இங்கே எழுதாமல் விடுவதே அவருக்கு நல்லது. ஊரின் ஓரத்தில் உள்ள கல் குவாரியில், வெட்டிய பிறகு நகர்த்தாமலே விட்டுவிட்ட ஒரு கல் கிடக்கிறது. அது சுமார் 1,000 டன். 2014-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதன் பக்கத்தில் தோண்டியபோது, இன்னும் பெரிதாக, சுமார் 1,650 டன் எடையில் மற்றொன்று கிடைத்தது.

எனக்குப் பிடித்தது பக்கத்தில் உள்ள பாக்கஸ் கோயில். பாக்கஸ் என்றால் ரோமானியர்களின் ஒயின் தெய்வம். சுவர்கள், தூண்கள், உயரமான வாசல் எல்லாம் பெருமளவு அப்படியே இருக்கின்றன. வாசல் நிலையில் திராட்சைக் கொடியும் குலையும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அத்தை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கோயில்ல சாமி எங்கேம்மா?" என்றார். ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறியபோது இங்கே வழிபாடு நின்றுபோனதைச் சொன்னேன். "விளக்குப் போட ஒரு ஆளு இல்லாமப் போச்சே" என்று அவர் வருத்தப்பட்டார்.

மதியத்துக்கு ஸ்ஃபீஹா. கைக்குட்டை மாதிரி மடித்த சின்ன ரொட்டிக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுடுவது, இந்த ஊரின் அடையாளம். சைவமான அத்தைக்குத் தயிரை வடிகட்டிச் செய்யும் லப்னேயும் ரொட்டியும்.

திரும்பும் வழியில், ஸாஹ்லே ஊருக்குப் பக்கத்தில் கஸாரா. சேசு சபைத் துறவிகள் 1857-ல் தொடங்கிய ஆலை. 1973-ல் அவர்கள் கையைவிட்டுத் தனியாரிடம் போனது. இங்கே பார்க்க வேண்டியது குகைதான். ரோமானியர் காலத்துக் குகை மண்ணுக்குள் மறந்து கிடந்ததாம். துறவிகளின் பராமரிப்பில் இருந்த பையன்கள் கோழி திருடிய நரியைத் துரத்திக்கொண்டு போய் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். உள்ளே இறங்கியதும் ஜில்லென்றது. வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிர் என்பதால் ஒயினைச் சேமிக்கத் தோதான இடம்.

அந்தக் குகை இப்போது சுமார் 2 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதையாக நீள்கிறது. சுற்றிக் காட்டிய பெண் அதற்குச் சொன்ன காரணம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. முதல் உலகப் போர் காலத்தில் லெபனானில் பெரும் பஞ்சம். 1915-ல் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது. கடல் வழியை நேச நாடுகளின் கப்பல்கள் அடைத்தன. இருந்த தானியத்தை உதுமானியப் படை எடுத்துக்கொண்டது. சுமார் 2 லட்சம் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த நாட்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துச் சாப்பாட்டுக்கு வழி செய்யத்தான் இந்தச் சுரங்கங்களைத் தோண்ட வைத்தார்களாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார் அத்தை. அவர் ராமநாதபுரம் பக்கம். "எங்க அப்பத்தா சொல்லும், பஞ்சத்துல கண்மாய் வெட்டுனாத்தான் கஞ்சின்னு" என்றார். பிறகு சுவரில் தெரிந்த உளித் தடங்களைக் கையால் தடவிப் பார்த்தபடியே மெதுவாக நடந்தார். மேலே வந்து நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம். கணவர் மட்டும் மூன்று கோப்பைகளில் ஊற்றித் தந்ததை ருசி பார்த்தார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

2024 கடைசியில் நடந்த போரில் பால்பெக் ஊரின் மீது குண்டுகள் விழுந்தன. கோயில் வளாகத்தை ஒட்டியிருந்த உதுமானியர் காலத்துக் கட்டடம் ஒன்று இடிந்துபோனது. கோயில்கள் தப்பின. அந்த நவம்பரில் யுனெஸ்கோ, பால்பெக் உட்பட லெபனானின் 34 இடங்களுக்குப் போர்க்காலச் சிறப்புப் பாதுகாப்பு அளித்தது. செய்தியைப் பார்த்த அத்தை ஊரிலிருந்து போன் செய்து கேட்டார்: "நமக்குக் குகையைக் காட்டுச்சே அந்தப் பொண்ணு, அது நல்லா இருக்குமா?"

போக நினைப்பவர்கள் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். நிலைமை சரியாகிப் போகும்போது, காலையில் பால்பெக், மதியத்துக்கு மேல் கஸாரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்படிகள் உயரமானவை, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். குகைக்கு ஒரு சால்வை கட்டாயம்.