499 பேர் உள்ள ஊருக்குச் சாலை கிடையாதா?

ஒரு கிராமத்துக்குத் தார்ச்சாலை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? கலெக்டரா, எம்.எல்.ஏ.வா? பல நேரங்களில் முடிவு செய்வது ஓர் எண்தான். அந்த எண் 500.

வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. சமவெளியில் குறைந்தது 500 பேர் வாழும் குடியிருப்புகளுக்கு, மழையிலும் வண்டி போகக்கூடிய சாலை போடுவது என்று இலக்கு. மலை மாநிலங்கள், பாலைவனப் பகுதிகள், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 250 பேர் போதும். நல்ல திட்டம்தான், சந்தேகமே இல்லை. சேற்றில் நடந்துகொண்டிருந்த எத்தனையோ ஊர்களுக்கு இதனால் வண்டி வந்தது.

ஆனால் 499 பேர் உள்ள ஊர் என்ன செய்யும்? 500 மீட்டருக்குள் இன்னொரு குடியிருப்பு இருந்தால் இரண்டையும் சேர்த்து எண்ணலாம் என்று விதியில் இடம் உண்டு. ஒதுக்குப்புறமாகத் தனியே கிடக்கும் ஊருக்கு அந்த வழியும் அடைப்பு! உண்மையில் சாலை அதிகம் தேவைப்படுவது அதற்குத்தானே?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். சாலைச் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பெரிய ஊரில் தலைக்கு ஆகும் செலவு குறைவு. கையில் இருக்கும் பணத்தை முதலில் பெரிய ஊருக்குச் செலவிடுவதில் தவறில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. வகுக்கும் எண் அப்படியே நிற்கும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. அது நிற்காது. பஸ் இல்லாத ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வெளியூரில் தங்கிப் படிக்கிறது. பிறகு அங்கேயே வேலை தேடிக்கொள்கிறது. 499 பேர் 450 ஆவார்கள், பிறகு 400 ஆவார்கள். சாலைக்கான தகுதி இன்னும் தள்ளிப் போகும்.

உத்தரகாண்டில் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம். 2011க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் போய்விட்டன என்று அம்மாநில அரசின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் அறிக்கை தந்தது. வெளியேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சொன்ன காரணம் வேலை, சாலை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தினமும் போய்வர வண்டி இருந்தால் வேலைக்காக வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லையே.

இன்னொரு வேடிக்கை. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்குச் சாலை தருவதாகச் சொல்கிறது. தகுதியைப் பார்ப்பது எதை வைத்து? 2011 கணக்கெடுப்பை வைத்து! 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்தது 2027 என்று 2025இல்தான் அறிவித்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உள்ள பழங்குடி ஊர்களுக்கு அந்த வகையில் 250 பேர் என்ற சலுகை வராது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் ஊர் வரை போக முடியாததால் உடலைத் தாயே சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தார். அங்கே காட்டு நிலத்துக்கான அனுமதியும் ஒரு தடையாக இருந்தது. எல்லாப் பழியையும் எண்ணிக்கை மேல் போட முடியாது. ஆனாலும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்ற கேள்வியை முதலில் கேட்டிருந்தால், அந்த மலை பட்டியலில் எங்கே இருந்திருக்கும்?

அந்தக் கேள்விக்குப் புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்போடு வெளியாகும் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் வசதி உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் உள்ளதா, 10 கிலோமீட்டருக்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று தனித்தனிக் கட்டங்களில் குறித்திருக்கிறார்கள். அத்தனை கட்டங்கள் இருந்தும் சாலைக்குத் தகுதி பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது ஆட்களின் எண்ணிக்கை உள்ள கட்டம்தான்.