எண்ணெய் எங்கே போச்சு?

ஊரிலிருந்து அப்பா அம்மா அமெரிக்காவுக்கு வந்தால் முதல் மாதம் சுற்றுலா, இரண்டாவது மாதம் ஷாப்பிங், மூன்றாவது மாதம் ஜன்னல். என் அப்பா இரண்டாவது வாரத்திலேயே ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மதுரைப் பக்கம் ஒரு பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் எந்த வீட்டு அம்பாசடர் மக்கர் பண்ணினாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். டெட்ராய்ட் புறநகரில் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? “கையை மோந்து பாத்தா வெறும் சோப்பு வாசனைதான் வருது பாப்பா” என்று ஒருநாள் சொன்னார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜ். உள்ளே ஒரு 1966 மஸ்டாங். 1964 ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அறிமுகப்படுத்தி, அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்த அதே மஸ்டாங். பெரியவரின் அப்பா டியர்பார்ன் ஆலையில் வேலை பார்த்தவர். அவர் வாங்கிய வண்டி. பெரியவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

இங்கே ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். தேர் பார்க்கிற மாதிரி ஜனங்கள் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர் வருஷம் தவறாமல் போகிறவர். அந்த ஜூலையில் பார்த்தால், காரின் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

விசாரித்தேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டதாம். கியர் ரொம்பத் தாமதமாக மாறுகிறது. மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். சைலன்சரில் வெள்ளைப் புகை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்டியை இறக்கி மொத்தமாகப் பிரித்துச் செய்ய 2,500 டாலர் கேட்டிருக்கிறார்கள். “பென்ஷனில் இருக்கிறவன் நான்” என்றார் பெரியவர்.

அப்பாவிடம் சொன்னேன். “கிளட்ச் இல்லாத வண்டியில நமக்கு என்ன தெரியும்?” என்றார். ஆனால், சொல்லும்போதே சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

பெரியவரிடம் அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப் புத்தகம் ஒன்று இருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அப்பா தலையாட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதலில் ஆயில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது புத்தகம். எடுத்தோம். ஆயில் குறைவு. அப்பா அதை வெள்ளைத் துணியில் தொட்டு வைத்து, மூக்கருகே கொண்டுபோனார். நல்ல சிவப்பு. “தீஞ்ச வாடை இல்ல. உள்ள பிளேட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும் போல.”

பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். சிமென்ட் தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆயில் ஊற்றியதாகப் பெரியவர் சொன்னார்.

“அப்ப எண்ணெய் எங்க போச்சு?”

இந்த ஒரு கேள்வியை ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை.

புத்தகத்தில் தேடினோம். இந்த வண்டியில் இருப்பது சி-4 என்கிற மூன்று கியர் பெட்டி. அதன் பக்கவாட்டில் வாக்குவம் மாடுலேட்டர் என்று சின்ன டப்பா ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்குப் போகும். நான் படித்து முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார். “அட, அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்ல வாக்குவம் டப்பா இருக்குமே, இது அதோட பெரியப்பா மகன்!”

விஷயம் இவ்வளவுதான். கிளட்ச் மிதிக்க ஆள் இல்லாத கியர்பாக்ஸ், எப்போது கியர் மாற்றுவது என்று தானே முடிவு செய்யவேண்டும். அதற்கு இரண்டு தகவல் தேவை. வண்டி எவ்வளவு வேகம், இன்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது. வேகத்தைச் சொல்ல கவர்னர் என்று ஒரு பாகம். சிரமத்தைச் சொல்வது இந்த டப்பா. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் இன்ஜினின் உறிஞ்சு சக்தி அதிகமாக இருக்கும், அழுத்தி மிதித்தால் குறைந்துவிடும். டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு இதை உணர்ந்து பெட்டிக்குச் சொல்கிறது.

அந்தச் சவ்வு கிழிந்தால்? உறிஞ்சு சக்தியே இல்லை, இன்ஜின் மலையேறிக்கொண்டிருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். கியரைத் தாமதமாக, முரட்டுத்தனமாக மாற்றும். அதுதான் உதை. கிழிசல் வழியாகப் பெட்டியின் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். அதுதான் வெள்ளைப் புகை. எண்ணெய் தரைக்கு வரவில்லை, வானத்துக்குப் போயிருக்கிறது!

சரிபார்க்க வழி சுலபம். இன்ஜினை அணைத்து, டப்பாவிலிருந்து குழாயைப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். அதற்குள் ஆயிலே இருக்கக் கூடாது. இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது.

பெரியவர் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அப்படியே உள்ளே நுழையப் போனார். அப்பா அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். நாலு ஸ்டாண்டு வாங்கி வரும்வரை யாரையும் கீழே போகவிடவில்லை. “டெப்போவுல ஒருத்தன் அப்படிப் போனான் பாப்பா” என்றார். மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சைலன்சர் ஆறிய பிறகு அப்பா கீழே போனார். குழாயைப் பிடுங்கினார். அவர் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு சொட்டு. அதைப் பெரியவரிடம் நீட்டிக் காட்டினார். பெரியவர் அந்தக் கையை விடவே இல்லை.

புது மாடுலேட்டர் வாங்க மூன்று பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற காசுதான் ஆனது. பழைய டப்பாவைத் திருகிக் கழற்றும்போது பின்னால் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும், அது நழுவித் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதியதைக் கையாலேயே திருகி, கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்கினார். விறைத்துப்போயிருந்த ரப்பர் குழாயையும் மாற்றினார். அந்தப் பெட்டிக்கு உரிய டைப்-எஃப் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பார்த்தார். ஒரு மத்தியானத்து வேலை. குழாயிலும் சைலன்சரிலும் மிச்சமிருந்த ஆயில் எரிந்து தீரும்வரை புகை வந்தது. பிறகு நின்றுவிட்டது. உதையும் போயே போச்சு.

எல்லாக் கியர்பாக்ஸும் இப்படிச் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயில் பழுப்பாகி, தீய்ந்த வாடை வந்தால் உள்ளே பிளேட்டுகள் கருகியிருக்கும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஆனால், அந்த முடிவுக்கு வருமுன் ஆயில், குழாய், டப்பா மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1964 முதல் 1966 வரை வந்த இந்தப் பெட்டிகளில் முன்னால் ஓட்ட இரண்டு புள்ளிகள். பெரிய பச்சைப் புள்ளியில் வைத்தால் முதல் கியரில் கிளம்பும், சின்னப் புள்ளியில் வைத்தால் இரண்டாவதில். இது தெரியாமல் சின்னப் புள்ளியில் வைத்துவிட்டு, முதல் கியரே போச்சு என்று பயந்துவிடலாம்!

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, உட்வர்டு அவென்யூவில் பெரியவர் பக்கத்து சீட்டில் என் அப்பா. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. சாலையோரத்தில் இருந்தவர்கள் கையாட்ட, இவரும் எம்.எல்.ஏ. மாதிரி பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே போனார். கிட்டே வந்தபோது பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பாக கிரீஸ்.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி: “பாப்பா, அந்த வண்டி கியர் ஒழுங்கா மாறுதாம்மா?”