காலித் துறைகளும் கைமாற்றுக் கணக்கும்

இங்கிலாந்தின் கால்வாய்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். வளைந்த செங்கல் பாலம், கரையோர வில்லோ மரம், கூரைமேல் பூந்தொட்டிகளோடு மணிக்கு நான்கு மைல் வேகத்தைத் தாண்டாமல் ஊர்ந்து வரும் ஒடுங்கிய படகு, வீட்டுக் கவலை இல்லாத விடுதலை வாழ்வு. படகு நகர்வதைப் பற்றி இவ்வளவு உருகுகிறவர்கள் அது இரவில் எங்கே நிற்கிறது, யாருடைய அனுமதியோடு நிற்கிறது என்று அதிகம் கேட்பதில்லை. நாம் எழுத முற்பட்டது அந்தக் கேள்வியைத்தான். போகிறவனுக்கு நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தை யார் யாருக்குத் தருகிறார்கள் என்பதில்தான் ஒரு சமூகத்தின் குணம் தெரிகிறது.

வாசகர்களின் வசதிக்காகச் சில விவரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலிய பொறியாளர்கள் நடுநாட்டுக் கால்வாய்களை வெட்டியபோது, படகை மேட்டில் ஏற்றி இறக்கும் 'லாக்' எனும் மதகுத் தொட்டிகளை ஏறத்தாழ ஏழடி அகலத்தில் கட்டினார்கள். அதற்குள் நுழைய வேண்டியிருந்ததால் படகும் ஏழடிக்குள் ஒடுங்கிற்று. நீளம் மட்டும் எழுபது அடி வரை போயிற்று. இதுவே நேரோபோட். நிலக்கரியும் களிமண்ணும் சுமந்த இப்படகுகள் இன்று விடுமுறைக்காரர்களையும், நிரந்தரமாகப் படகிலேயே வாழ்பவர்களையும் சுமக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை பராமரித்து வருகிறது.

இந்நீர்வழிகளில் படகோட்ட உரிமம் வேண்டும். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் அதற்கு இரண்டு வழிகளை வகுத்தது. ஒன்று, படகை முறையாக விட்டுவைக்க நிரந்தரமாக ஒரு துறை உண்டு என்று காட்ட வேண்டும். இல்லையேல், எந்த ஓரிடத்திலும் பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆக, கால்வாயில் இரண்டு சாதி உண்டு: துறை உள்ளவர், துறை இல்லாதவர்.

துறை உள்ளவர்களில் பலர் மெரினாக்களில் இடம் பிடித்திருப்பவர்கள். நம்மவர்க்கு மெரினா என்றதும் கடற்கரைச் சுண்டல் நினைவுக்கு வரும். இங்கே மெரினா என்பது கால்வாயோடு வாய் திறந்த ஒரு குளம். அதில் மிதவை மேடைகள், ஒவ்வொரு மேடையிலும் குழாயும் மின் இணைப்பும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வசதி, டீசல், எரிவாயு உருளை, குளியலறை, பூட்டிய வாயிற்கதவு. கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தை அடியால் அளந்து, ஆண்டுக் கணக்கில் வசூலாகிறது.

இனி, பரஸ்பரத் துறை என்னும் ஏற்பாட்டுக்கு வருவோம். கோடையில் துறைக்காரர் பயணம் புறப்படுகிறார். பணம் கட்டிய அவரது இடம் காலியாகக் கிடக்கிறது. அதே சமயம் இன்னொரு மெரினாவின் துறைக்காரரும் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறார். அவர் இவரது மெரினாவில் சில இரவுகள் கட்டணமின்றித் தங்கலாம், இவர் அவரது மெரினாவில் தங்கலாம். ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்கிடையிலோ, உடன்பாடு செய்துகொண்ட மெரினாக்களுக்கிடையிலோ இது நடக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் போன்றது. நீ எனக்கு, நான் உனக்கு; கணக்கு நோட்டில் இருக்கும்.

மொய்யை நாம் இழிவாகச் சொல்லவில்லை. இல்லாத வீட்டுக் கல்யாணத்தை ஊர்கூடி நிமிர்த்திய வழக்கம் அது. ஆனால் மொய்யில் ஒரு மரியாதை உண்டு: எழுதுகிறவன் தன் கைப்பணத்தை எழுதுகிறான். பரஸ்பரத் துறையில் கொடுப்பவர் யார்? நாம் கேட்கும் முதல் கேள்வி இது.

சில ஆண்டுகளுக்கு முன் நடுநாட்டுக் கால்வாய் ஒன்றில் நண்பர் ஒருவரின் படகில் ஒரு வாரம் கழித்தோம். அறுபதைத் தாண்டியவர், தனியாகப் படகிலேயே வாழ்பவர், நிரந்தரத் துறை இல்லாதவர். முன்னே இருந்த லாக்கின் கதவு பழுதாகி வழி அடைபட்டது. கரையெல்லாம் படகுகள் நெருங்கி நின்றன. நண்பருக்கு இரண்டு நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதி. படகை நான்கைந்து நாள் பூட்டிய இடத்தில் விட்டுச் செல்ல விரும்பினார். அருகிலிருந்த மெரினாவுக்குப் போனோம். ஐந்து இடங்கள் காலியாக இருந்ததை நாமே எண்ணினோம். கட்டணம் தருகிறேன் என்றார் நண்பர். அவை பரஸ்பர ஏற்பாட்டுப் படகுகளுக்காக வைத்திருப்பவை என்று அலுவலகத்தில் பதில் வந்தது. எங்கள் மெரினா எது என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும் உரையாடல் முடிந்தது. நாம் திரும்புகையில் பின்னால் வந்த படகு அட்டையைக் காட்டி உள்ளே சென்றது.

அப்படகின் சொந்தக்காரர் மாலையில் எங்களைத் தேடி வந்து வருத்தப்பட்டார். அவருக்குச் சொந்தமான துறை முப்பது மைல் தெற்கே செப்டம்பர் வரை காலியாகத்தான் கிடக்குமாம். "உங்களுக்குத் தந்துவிடுவேன். ஆனால் அதைத் தர எனக்கு அனுமதி இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழு ஏற்பாடும் வெளிச்சமாகிவிட்டது. துறைக்காரர் தன் இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடக் கூடாது என்பது பல மெரினாக்களின் ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. அவர் இல்லாத நாளில் அந்த இடத்தை நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதும் பலவற்றில் உண்டு. ஆக, பணம் கட்டியவர் கொடுக்க முடியாது. பணம் வாங்கியவர் கொடுக்கலாம். விற்ற பொருளை விற்றவரே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை வாங்கியவருக்கே 'இலவசம்' என்று நீட்டுவதைப் பரஸ்பரம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம். பரஸ்பரம் இருவருக்கிடையே நிகழ்வது. இங்கே அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம்.

'உண்மையான படகோட்டிக்கு மெரினா எதற்கு? கரையில் முளையடித்துக் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே' என்பது முதல் மறுப்பு. கால்வாய் இலக்கியத்தில் ஊறியவர்களே இதை உரக்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு எல்.டி.சி. ரோல்ட்டை நினைவூட்ட விரும்புகிறோம். 1939 ஜூலையில் பான்பரியிலிருந்து கிரெஸ்ஸி என்னும் படகில் புறப்பட்டு அவர் மேற்கொண்ட பயணமே 1944-இல் 'நேரோ போட்' என்ற நூலாயிற்று. அந்நூலின் விளைவாக 1946-இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்கள் பிழைத்தன. விடுதலைப் பயணத்தின் வேதமாகக் கொண்டாடப்படும் இந்நூல் வெளிவந்த வேளையில் ரோல்ட் எங்கே இருந்தார்? வூஸ்டர்-பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டபிக் என்னும் ஊரில், ஒரே இடத்தில் படகைக் கட்டிக்கொண்டு இருந்தார். 1941 முதல் 1946 வரை ஐந்தாண்டுகள் அங்கேதான் வாழ்ந்தார். போர்க்காலம், வேலை இருந்தது, எழுத்து இருந்தது. ராபர்ட் ஐக்மன் 1945-இல் அவரைச் சந்தித்துச் சங்கத்துக்கு வித்திட்டதும் அங்கேதான். படகு நின்றதனால்தான் இயக்கம் நகர்ந்தது. இன்றைய பதினான்கு நாள் விதியை நீட்டினால், துறை என்று ஒன்றைப் பதிவு செய்யாமல் ரோல்ட் அங்கே மூன்றாவது வாரத்தைக் காண்பதே அரிது. நகர்தலை மட்டும் புகழ்ந்து நிற்றலை ஏளனம் செய்பவர்கள் தம் ஆசானின் வாழ்க்கையையே படிக்கவில்லை என்போம்.

இரண்டாவது மறுப்பு நியாயத்தின் குரலில் பேசுகிறது: 'ஆண்டு முழுதும் பணம் கட்டுகிறவர் சலுகை பெறுகிறார். கட்டாதவர் ஏன் கேட்க வேண்டும்?' நண்பர் இலவசம் கேட்கவில்லை; விலைக்குக் கேட்டார். அது ஒருபுறம். மெரினாவின் நிலம் தனியாருடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நீர் யாருடையது? அந்தக் குளத்தை நிரப்புவது பொதுக் கால்வாயின் தண்ணீர். அந்தக் கால்வாய் இல்லையேல் மெரினா வெறும் பள்ளம். அதைப் பராமரிக்கும் செலவில் துறை இல்லாதவரும் உரிமக் கட்டணத்தின் வழியே பங்கேற்கிறார். அவ்வளவு ஏன், துறை இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகை என்று 2023-இல் அறிவித்து, 2024 ஏப்ரல் முதல் வசூலிக்கிறது அறக்கட்டளை. அது படிப்படியாக ஏறி 2028-இல் 25 சதவீதமாக வேண்டும் என்பது அப்போதைய அறிவிப்பு. துறை இல்லாத குற்றத்துக்குக் கூடுதல் கட்டணம் ஒரு கையில். துறை இல்லாத காரணத்தால் காலி இடம் மறுப்பு மறு கையில். இதில் நியாயத்தின் குரல் எங்கே?

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: 'கோடையில் நாலு நாள் சுற்றுவதற்கான வசதி இது. இதில் அறத்தைத் தேடுவானேன்?' இங்கேதான் நம் கவலை ஆழமாகிறது. இவ்வேற்பாடு எல்லோரும் சௌக்கியமாக இருக்கும் பருவத்தில்தான் வேலை செய்கிறது. குளிர்காலத்தில் எல்லோரும் அவரவர் துறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பரிமாறக் காலி இடமே இல்லை. லாக்குகளைப் பழுதுபார்க்க வழிகள் மூடப்படுவதும், நீர் உறைவதும் அப்போதுதான். இடர் வந்தாலோ இதன் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். 2018 மார்ச்சில் மிடில்விச் அருகே கால்வாய்க் கரை உடைந்து நீர் வடிந்தது. அவ்வழி அவ்வாண்டு டிசம்பரில்தான் மீண்டும் திறந்தது. 2025 கோடையில் நீர்ப் பற்றாக்குறையால் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதி உட்பட ஆங்காங்கே வழிகள் மூடப்பட்டன. அத்தகைய நாட்களில் ஒரு படகு தன் துறையிலிருந்து ஐம்பது மைல் தள்ளி மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ள நேரலாம். இத்தனை இரவு என்று எண்ணிக் கொடுக்கும் சலுகை அங்கே என்ன செய்யும்? இன்பத்துக்கு மட்டும் துணை வருவதை நட்பு என்று நாம் சொல்வதில்லை. விருந்தோம்பல் என்றும் சொல்ல இயலாது.

தமிழில் கைம்மாறு என்றொரு சொல் உண்டு, ஒப்புரவு என்றொரு சொல்லும் உண்டு. செய்ததற்குத் திருப்பிச் செய்வது கைம்மாறு. திருப்பித் தருவானா என்று பாராமல், தன்னிடம் மிகுந்ததை ஊர்க்குப் பயன்படச் செய்வது ஒப்புரவு; திருக்குறள் அதற்கெனத் தனி அதிகாரமே வைத்திருக்கிறது. பரஸ்பரத் துறை கைம்மாற்றின் எல்லைக்குள் நின்றுவிட்ட ஏற்பாடு. கொடுக்க ஏதும் இல்லாதவனை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காலி இடமோ ஒப்புரவுக்கென்றே அமைந்த பொருள். இன்றிரவு பயன்படாத துறையை நாளைக்கென்று சேமித்து வைக்க முடியாது. விடிந்ததும் அந்த இரவு யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

பரஸ்பர ஏற்பாட்டை ஒழிக்கச் சொல்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டா. அது விரிய வேண்டும் என்கிறோம். மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, துறைக்காரர் தம் இடத்தைத் தாம் இல்லாத நாட்களில், உரிமமும் காப்பீடும் உள்ள எந்தப் படகுக்கும் தரலாம் என்று ஒப்பந்தம் அனுமதிக்க வேண்டும். நிர்வாகத்துக்குத் தகவல் சொன்னால் போதுமானது. இரண்டாவது, ஏற்கெனவே ஆண்டுக் கட்டணம் வசூலான இடத்தை அயலாருக்கு இரவு வாடகைக்கு விட்டால், அதில் ஒரு பங்கு துறைக்காரரின் கணக்கில் சேர வேண்டும். ஒரே இடத்தை இருமுறை விற்பது வணிக சாமர்த்தியமாக இருக்கலாம், நேர்மை ஆகாது. மூன்றாவது, கரை உடைந்தோ நீர் வற்றியோ லாக் பழுதாகியோ வழி அடைபட்டால், திறக்கும் வரை இரவுக் கணக்கையும் உறுப்பினர் கணக்கையும் ஒதுக்கி வைத்து, காலித் துறைகளைச் சிக்கிய படகுகளுக்கு நியாய விலையில் திறந்துவிட வேண்டும். கால்வாயோடு மெரினா இணைவதற்கு அறக்கட்டளையின் ஒப்புதல் தேவைப்படுகிறது. அந்த ஒப்புதலின் நிபந்தனைகளில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

1947-இல் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில், தாழ்ந்து கிடந்த லிஃபோர்டு லேன் பாலத்தைத் தூக்க வைத்துக் கிரெஸ்ஸியைக் கடத்திச் சென்றார் ரோல்ட். சட்டத்தில் எழுதியிருந்த பயண உரிமையைக் காகிதத்திலிருந்து தண்ணீருக்குக் கொண்டுவந்த செயல் அது. போகும் உரிமைக்காக ஒரு தலைமுறை போராடியது. நிற்கும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியது இந்தத் தலைமுறையின் கடமை.

நண்பர் அன்றிரவு படகைக் கரையில் இன்னொரு படகின் விலாவோடு சேர்த்துக் கட்டினார். அறிமுகமில்லாத ஒருவர் தம் படகின்மேல் நடந்துபோக அனுமதித்து, ஐந்து நாளும் பார்த்துக்கொண்டார். அவருக்கும் துறை இல்லை. அவர் எந்த அட்டையையும் கேட்கவில்லை.