அகலம் என்னும் மோகம்

பணமும் கையுமாக வந்து நின்றார் நண்பர். அகலப் படம் எடுக்கும் பிலிம் காமிரா வாங்கப் போகிறாராம். "எதை வாங்கப் போகிறீர்கள்?" என்றேன். "இருப்பதிலேயே அகலமானதை!" என்றார். அந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அவர் கண் வைத்திருப்பது 6×17 காமிரா. லின்ஹாஃப், ஃபியூஜி என்று பெரிய பெயர்கள். பெரும்பாலும் கைமாறி வரும் பழைய சரக்கு. 120 பிலிம் சுருளில் நாலே படம். அதில் மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலின் சூரியோதயத்தை எடுக்க வேண்டுமாம். ஐயா, அந்தக் கோயில் மேல்நோக்கி எழுந்து நிற்பது. உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள சட்டத்தில் அதை அடைத்தால், மணலுக்கும் வானத்துக்கும் நடுவே கொலுப் பொம்மையாகிவிடும். கிட்டப் போனாலோ கலசம் வெட்டுப்படும்.

"அப்படியானால் லென்ஸ் சுழலும் நோப்ளெக்ஸ்?" என்றார். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு நேர் எதிரே அதை வைத்துப் பாருங்கள். நடுப்பாறை வயிறு போல உப்பும். இரு ஓரமும் சூம்பும். பல்லவன் சிற்பிக்கு நாம் செய்யும் மரியாதையா இது?

அகலம் பொருளிலிருந்து பிறக்க வேண்டும். 1858-இல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைப் படமாக்கினார். 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு! கல்வெட்டு நீண்டது, படமும் நீண்டது. வேடிக்கைக்காக அவர் நீட்டவில்லை.

நம் பக்கத்தில் அப்படி நீளம் கேட்கும் பொருள் உண்டா? உண்டு. மகாபலிபுரத்துக்குப் போகிற வழியில் நெம்மேலியில் இறங்குங்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் அங்கே வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. சென்னையில் நாம் குடிக்கும் தண்ணீர். அதே கரையில் மீனவர் குப்பம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "படம் புடிக்க வர்றவங்க ஒண்ணு அந்தத் தண்ணி பிளான்ட்டைப் புடிக்கிறாங்க, இல்லாட்டி எங்க படகைப் புடிக்கிறாங்க. ரெண்டும் ஒரே கரையிலேதானே சார் இருக்குது?"

அந்தக் கேள்விக்கு ஏற்ற காமிராவைத் தேடுங்கள். என் சிபாரிசு, லென்ஸ் அசையாத 6×12. சுருளுக்கு ஆறு படம். கணக்கையும் கேளுங்கள்: 6×17-இல் 90 மில்லிமீட்டர் லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 86 டிகிரி பார்க்கும், 6×12-இல் 65 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 81 டிகிரி. ஐந்து டிகிரிதான் நஷ்டம். உயரத்திலோ முன்னது 35 டிகிரி, பின்னது 47! ஒரு கோடியில் ஆலையின் சுவர், மறுகோடியில் பெரியவர், அவர் காலடி மணலும் தலைக்கு மேல் வானமும் கிடைக்கும். அந்த மனிதருக்கு இடமில்லாத அகலம் எதற்கு?

"சாதாரணச் சதுரப் படம் எடுத்து, மேலும் கீழும் வெட்டிக்கொண்டால்?" என்பார்கள் சிக்கனக்காரர்கள். 6×6 பிலிமை அப்படி வெட்டினால், 6×12-இன் பரப்பில் கால் பங்குதான் மிஞ்சும். பெரிதாக்கும்போது வலையின் கண்கள் கலங்கிப் போகும். அவர் நாளெல்லாம் உட்கார்ந்து பின்னிய கண்கள் அவை.

நண்பர் முகத்தைச் சுளித்தார். "சூரியோதயத்துக்கு என்ன செய்வது?" என்றார்.

சூரியன் நெம்மேலியிலும் கடலிலிருந்துதான் எழுகிறது. அங்கே போய்ப் பிடியுங்கள் என்றேன்.