அந்தக் காலத்து இரும்பு

"இதைத் தூக்கிப் பாருடா. என்ன கனம்! அந்தக் காலத்து இரும்புடா இது" என்று என் கல்லூரித் தோழன் சொன்னபோது வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இடம், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பழைய கார் உதிரிகள் விற்கும் ஒரு சந்தை. அவனிடம் 1961ஆம் ஆண்டின் போர்ஷே 356 பி ஒன்று இருக்கிறது. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் துருவேறி, ரிம் நெளிந்து, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டன. அதே அளவில், அதே வடிவில், இப்போது செய்த எஃகுச் சக்கரங்கள் சோதனைச் சான்றிதழோடு இரண்டு வரிசை தள்ளி விற்பனைக்கு இருந்தன. அவற்றை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய சக்கரங்கள் இரண்டை, தட்டின் மேல் பழைய க்ரோன்பிரின்ஸ் முத்திரையும் செய்த மாதமும் ஆண்டும் பதிந்திருந்த ஒரே காரணத்துக்காக, பல மடங்கு விலை கொடுத்து வாங்கினான். இரண்டுக்கும் தடிமனாக வெள்ளிப் பூச்சு அடித்திருந்தார்கள். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இவன் ஒருவன் மட்டும் இப்படி இருந்தால் நான் கட்டுரை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஸ்டுட்கார்ட்டில் கேட்ட இதே பேச்சைச் சென்னை புதுப்பேட்டையில் கேட்கலாம், கோயம்புத்தூர்ப் பட்டறையில் கேட்கலாம், எந்தக் கல்யாண வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். பழைய இரும்பு உறுதி, புதியது தகரம். படித்தவர், படிக்காதவர், பொறியாளர், கணக்கர் என்று பேதமில்லாமல் எல்லோரும் இதை நம்புகிறார்கள். இது பொய். கார்ச் சக்கரத்தைப் பொறுத்தவரை ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

பழைய இரும்பு எப்படிக் கொல்லும் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு ஒரு ரயில் திரும்பிக்கொண்டிருந்தது. லூயி பிலிப் மன்னரின் விழாவைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். மெதோன் அருகே முன் எஞ்சினின் அச்சு ஒடிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து தீப்பிடித்தன. பயணிகளை உள்ளே வைத்து வெளியிலிருந்து கதவைப் பூட்டும் வழக்கம் அப்போது இருந்ததால், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே கருகினார்கள். அண்டார்டிகாவின் கரையைக் கண்டுவந்த கடலோடி துய்மோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அதில் செத்தார். அந்த அச்சு எந்தக் காலத்து இரும்பு? இவர்கள் கும்பிடுகிற 1961க்கு நூறு வருடத்துக்கும் முந்தைய இரும்பு. தேனிரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்த தடித்த அச்சு. கனத்துக்கும் குறைவில்லை, கைவேலைக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒடிந்தது.

ஏன் ஒடிந்தது என்பதுதான் முக்கியம். அன்றைக்கு எல்லோரும் சொன்ன காரணம், ஓடி ஓடி இரும்பு 'படிகமாகிவிட்டது' என்பது. ரேங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர்தான், ஒடிந்த அச்சுகளைக் கையிலெடுத்துப் பார்த்து, மூலையில் பிறந்த ஒரு சிறு விரிசல் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து போனதைக் காட்டினார். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதைப் போல. பிறகு பிரஷ்யாவில் வோலர் என்பவர், அச்சைச் சுழலவிட்டபடியே எடையைத் தொங்கவிட்டு, எத்தனை சுற்றில் எது ஒடிகிறது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணி எழுதி வைத்தார். உலோகச் சோர்வு என்ற பாடம் அங்கே பிறந்தது. இன்றைக்கும் ஒரு புதிய கார்ச் சக்கரத்தைச் சாலைக்கு அனுப்புவதற்கு முன், அதைச் சுழற்றி வளைத்துச் சோதிப்பது வோலர் செய்த அதே காரியம்தான். ஐஎஸ்ஓ 3006 என்ற சர்வதேசத் தரம் அந்தச் சோதனைகளை வரையறுக்கிறது. தோழன் ஏறெடுத்தும் பார்க்காத சக்கரத்தோடு வந்த சான்றிதழ் இந்த வகையைச் சேர்ந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 356 பி ஓடுவது 15 அங்குலச் சக்கரத்தில். 165 அளவு ரேடியல் டயர் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத் தட்டு ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. திருப்பத்தில் அந்த வளைவு பல மடங்காகிறது. அறுபது வருடத்தில் தோழன் வாங்கிய பழைய சக்கரம் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, யார் ஓட்டியது, எந்தக் கல்லில் இடித்தது, எந்தப் பள்ளத்தில் இறங்கியது? முத்திரை இதையெல்லாம் சொல்லுமா? அது பிறந்த மாதத்தைச் சொல்கிறது. பிறந்த மாதம் பழையது என்றால் இந்தச் சக்கரத்தின் கணக்கிலிருந்து கோடிக்கணக்கான சுற்றுகள் ஏற்கெனவே செலவாகிவிட்டன என்று பொருள். அதற்குப் போய் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்!

இதைச் சொன்னால் உடனே ஒருவர் டெல்லி இரும்புத் தூணைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் வருவார். ஆயிரத்து அறுநூறு வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடிக்கவில்லையே, நம் முன்னோர் இரும்பு என்றால் சும்மாவா என்பார். அய்யா, தூண் நிற்கிறது. சக்கரம் சுழல்கிறது. நிற்பதை வைத்துச் சுழல்வதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மெஹ்ரௌலியில் நிற்கும் அந்த டெல்லித் தூண் துருவை எதிர்ப்பதற்குக் காரணம் அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ். அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கான்பூர் ஐஐடியில் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதே பாஸ்பரஸ் மிகுந்தால் இரும்பு குளிரில் நொறுங்கும். அந்த இரும்பில் ஒரு கார்ச் சக்கரம் செய்து பனிக்கால ஜெர்மனியில் ஓட்டிப் பாருங்கள். தூணைச் செய்த கொல்லர்களின் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லித் துருப்பிடித்த சக்கரம் விற்பவர்கள் மேல் துளியும் இல்லை.

சரி, 1950களின் எஃகு எப்படி இருந்தது? ஆக்சிஜனை ஊதி எஃகு உருக்கும் முறை ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952ல்தான் உற்பத்திக்கு வந்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் பல வருடம், ஜெர்மனியில் காற்றை ஊதி உருக்கும் தாமஸ் முறை பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. காற்றில் இருக்கும் நைட்ரஜன் எஃகில் தங்கிவிடும். அப்படித் தங்கிய எஃகு வயதாக ஆகக் கடினமாகி நொறுங்கும் குணம் கொண்டது. இது அந்தக் காலத்து உலோகவியலாளர்களே தெரிந்து கவலைப்பட்ட விஷயம். இன்றைக்கு வெற்றிடத்தில் வைத்து வாயுவை இழுத்து, கந்தகத்தையும் பாஸ்பரஸையும் நுணுக்கமாகக் குறைத்து, தகட்டின் ஒவ்வொரு சுருளுக்கும் சோதனைத் தாளோடு அனுப்புகிறார்கள். உறுதி கூடியதால்தான் தகட்டின் தடிமன் குறைந்தது, எடையும் குறைந்தது. கையில் தூக்கிப் பார்த்து 'தகரம்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வெர்சாய் அச்சு, தோழன் தூக்கிக் காட்டிய சக்கரத்தைவிட எத்தனை மடங்கு கனம்!

நல்ல எஃகுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை கோடி சுற்றும் தாங்கும் என்று ஒரு பொறியாளர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், பாடப் புத்தகத்தில் இருக்கும் பளபளப்பான சோதனைத் துண்டுக்கு. துருப்பிடித்துக் குழி விழுந்த சக்கரத்துக்கு அந்த எல்லை கிடையாது. ஒவ்வொரு துருக்குழியும் விரிசல் தொடங்க ஒரு வாசல். அதற்கு மேல் இவர்கள் செய்யும் 'புதுப்பித்தல்' இருக்கிறதே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நெளிந்த ரிம்மைச் சூடு காட்டி அடித்துப் பெண்டு எடுப்பார்கள். நட்டுத் துளையைச் சுற்றி விரிசல் கண்டால் வெல்டிங் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். குரோம் பூச வேண்டுமென்றால் அமிலத்தில் முக்கி, பாலிஷ் போட்டுத் தகட்டை மெலிய வைப்பார்கள். குரோம் முலாம் எஃகின் சோர்வுத் தாக்குப்பிடியைக் குறைக்கும் என்பது பழைய பாடம். பவுடர் கோட்டிங் கொடுப்பவர்களில் பலர் நட்டு அமரும் குழியை மறைத்து வைக்காமல் அங்கேயும் தடிமனாகப் பூசி அனுப்புவார்கள். ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கும், நட்டு தளரும், சக்கரம் ஆடும். இத்தனையும் செய்து முடித்த பிறகும் அதன் பெயர் 'ஒரிஜினல்'தான்!

போர்ஷே நிறுவனத்துக்கே இந்தப் பக்தி இருந்ததில்லை. 1948ல் ஆஸ்திரியாவின் க்முண்டில் தொடங்கிய 356, 1965 வரை ஏறக்குறைய 76,000 கார்களாக வெளிவந்தது. முதலில் 16 அங்குலச் சக்கரம். 1955ல் 356 ஏ வந்தபோது அதைத் தூக்கிவிட்டு 15 அங்குலம் போட்டார்கள். 1963ல் 356 சி-யில் டிஸ்க் பிரேக் வந்ததும், 205 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்த ஐந்து நட்டுத் துளைகளை 130 மில்லிமீட்டருக்குச் சுருக்கினார்கள். நல்லது வந்தபோதெல்லாம் பழையதைத் தயங்காமல் கழற்றினார்கள். செய்தவர்களுக்கு இல்லாத பக்தி வாங்கியவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பழைய கார்களுக்கான அழகுப் போட்டிகளிலிருந்து வந்தது. நடுவர் குனிந்து முத்திரையைப் படித்து, காரின் ஆண்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். லாரியில் ஏறிப் போட்டிக்கு வந்து லாரியிலேயே வீடு திரும்பும் காருக்கு அது பரவாயில்லை. ஆட்டோபானில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் அந்தப் புள்ளிக் கணக்கைப் பார்த்துச் சக்கரம் வாங்கலாமா? ஜெர்மனியில் 30 வருடம் தாண்டிய கார்களுக்கு 1997 முதல் எச் எண்பலகை தருகிறார்கள். அந்தச் சட்டம் கேட்பது காரின் மூல அமைப்பையும் நல்ல நிலையையும். சக்கரம் எந்த மாதம் பிறந்தது என்பதையல்ல.

இன்னொரு கொடுமை இந்தத் 'துளை பொருந்தினால் போதும்' கும்பல். வோல்க்ஸ்வாகன் பீட்டிலும் 356 ஏ, பி-யும் ஒரே 205 மில்லிமீட்டர் வட்டத்தைப் பகிர்ந்துகொண்டவை. ஆகவே பீட்டிலின் நாலு அங்குல அகலச் சக்கரத்தை, போர்ஷேயின் நாலரை அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிக் கொடுத்துவிட்டு, 'அதே காலம், அதே இரும்பு' என்கிறார்கள். அரை அங்குலம் குறைந்த ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் திருப்பத்தில் டயர் எப்படி நெளியும் என்பதைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை.

அதைவிடக் கொடுமை, சக்கரத்தின் தேதி முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் இதே மனிதர்கள் டயரின் தேதியைப் படிக்க மாட்டார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கிறது: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இந்தப் பழைய கார்களில் பல, பட்டன் தேயாத, ஆனால் பதினைந்து வருடம் காய்ந்த டயரில் ஓடுகின்றன. நூறு யூரோ டயருக்குக் கை நடுங்குகிறது. முத்திரை பதித்த துருவுக்குப் பை தாராளமாகத் திறக்கிறது.

இந்த நம்பிக்கை சக்கரத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அம்பாசடர் காரைப் பற்றிப் பேசும் எந்த மாமாவும், 'இடித்தால் எதிரில் வருவதுதான் நொறுங்கும்' என்றுதான் முடிப்பார். 2009ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 1959ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009ஆம் ஆண்டு மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் படம் பிடித்தது. பழைய காரின் ஓட்டுநர் இருக்கை இருந்த இடமே நசுங்கிப் போனது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரில் இருந்தவருக்குக் காலில் காயத்தோடு போயிருக்கும். இதைப் பார்த்த பிறகும் மாமா மாறவில்லை. தாத்தா வீட்டு மின்விசிறி இன்னும் ஓடுகிறது என்கிறார். ஓடாமல் போன ஆயிரம் மின்விசிறிகள் பழைய இரும்புக் கடையில் உருகி எப்போதோ போய்விட்டன. அவற்றை நாம் பார்ப்பதில்லை, எண்ணுவதில்லை. உடைந்த சக்கரங்களும் அப்படித்தான் உலைக்குப் போயின. மிஞ்சியவற்றைப் பார்த்து அந்தத் தலைமுறையே அழியாதது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அறியாமை! வெர்சாய் அச்சும் ஒடிகிற கணம்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தோழனிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த இரண்டு சக்கரங்களின் பூச்சையும் முழுக்க உரித்து, நட்டுத் துளைகளைச் சுற்றியும் தட்டு ரிம்மோடு சேரும் இடத்திலும் சிவப்புச் சாயம் ஊற்றி விரிசல் சோதனை செய். ரிம் ஓட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார். விற்றவரிடம் திரும்பிப் போய், 'இந்தச் சக்கரம் சாலையில் ஓடத் தகுதியானது, பெண்டு எடுக்கவோ வெல்டிங் வைக்கவோ இல்லை' என்று பில்லில் எழுதிக் கையெழுத்துக் கேள். எழுதித் தர மறுத்தால் காசைத் திருப்பிக் கேள். புதிய சக்கரம் விற்றவர் யாரும் கேட்காமலேயே சான்றிதழோடு விற்றார் என்பதையும் மறந்துவிடாதே. முத்திரைதான் வேண்டுமென்றால் பழையதைக் கராஜ் சுவரில் மாட்டிக்கொள், போட்டிக்குப் போகும் அன்று மட்டும் எடுத்துப் போட்டுக்கொள். அந்தக் காரின் பின்சீட்டில் உன் பேரனை உட்காரவைத்து மலைச்சாலையில் கூட்டிப்போகிறாய். இந்தச் சோதனை முடியும்வரை அவனை ஏற்றாதே, நானும் ஏற மாட்டேன்.